காதுக்குப் பின்னால் கொஞ்சம்...

“ஆஆஆ...!”

அலறல் கைப்பேசியிலிருந்து வந்தது.

முத்து மேடத்தின் நேரலை! தினமும் இருட்டத் தொடங்கும் நேரத்தில் காமிராவுக்கு முன்னால் உட்கார்ந்து, தன் அழகு நிலையத்தில் விற்கும் முத்து க்ரீமைத் தன் கன்னத்திலேயே தடவிக் காட்டுவாள்.

“நான் விக்கறதை நானே பூசிக்கறேன், கண்ணுங்களா! இதைவிட என்ன கேரண்டி வேணும்?”

இன்றும் அதையேதான் சொன்னாள். டப்பாவைத் திறந்தாள். இரண்டு கன்னத்திலும் தாராளமாகத் தேய்த்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றது.

“ஐயோ... எரியுது! தண்ணி! தண்ணி கொண்டாடீ!”

காமிரா கவிழ்ந்தது. திரையில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

அக்கா கைப்பேசியை அணைத்தாள். மருந்துக் கடையின் க்ரீம் கவுண்டரில் நிற்கும் அவளை எல்லோருமே ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வார்த்தைக்கு நிஜமான உரிமை உள்ளவள் வீட்டின் பூட்டிய அறைக்குள் இருந்து குரல் கொடுத்தாள்.

“யாருக்கா கத்தறது?”

“யாருமில்லடி. விளம்பரம்.”

அந்த வீட்டில் கண்ணாடிகள் எல்லாம் துண்டு போர்த்திக்கொண்டு தூங்கின. முத்து க்ரீம் பொசுக்கிப் போட்ட முகத்தைத் தங்கச்சி பார்க்கப் பிடிக்காமல் போர்த்தியவை.

அக்கா தன் மனதைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருக்கும் என்று நினைத்திருந்தாள். அது இன்னும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது!

அன்று காலை...

கடைக்குள் கறுப்புக் கண்ணாடியும் முகத்தைச் சுற்றிய துப்பட்டாவுமாக ஒருத்தி நுழைந்தாள். பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு ஓர் உதவியாளப் பெண்.

குரலைக் கேட்டதுமே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. முத்து மேடம்!

“ஏம்மா, ராத்திரி போடற க்ரீம் வேணும். சுருக்கம் போக்கற ரெட்டினால். ஆனா சாதுவா இருக்கணும். என் ஸ்கின் ரொம்ப சென்சிடிவ். பார்த்தாலே சிவந்துடும்!”

‘என் தங்கச்சிக்கும் அப்படித்தான் இருந்தது’ என்று தொண்டை வரை வந்ததை அக்கா விழுங்கினாள். மேடத்துக்கு அவளை அடையாளம் தெரியாது. தங்கச்சிக்காகக் கொடுத்த புகாரையெல்லாம் மேடத்தின் வக்கீல்தான் பார்த்துக்கொண்டார். முதல் காரியமாக ஆள் அனுப்பி, ‘சோதனைக்கு’ என்று சொல்லி, பாதி தீர்ந்த க்ரீம் டப்பாவை வாங்கிக்கொண்டு போனார்கள். அது திரும்பி வரவே இல்லை. ஆதாரம் காலி! கடைசியில் மேடம் நேரலையில் சொன்ன ஒரே வரி...

“முதல்ல காதுக்குப் பின்னால கொஞ்சம் போட்டுப் பார்க்காதது அந்தப் பொண்ணோட தப்பு!”

அக்கா ஒரு டப்பாவை எடுத்து வைத்தாள்.

“இதுல ரெட்டினால் ரொம்பக் கம்மி மேடம். வாசனை கிடையாது. தோலை ஆத்தற சத்தும் இருக்கு. முதல்ல வாரத்துக்கு ரெண்டு ராத்திரி போதும். முகம் நல்லா காஞ்சப்புறம், பட்டாணி அளவுதான். மேலயும் கீழயும் சாதாரண மாய்ஸ்சரைசர் ஒரு பூச்சு. பகல்ல சன்ஸ்க்ரீன் கட்டாயம்.”

“பாடம் எடுக்காதே. எரியுமா, எரியாதா?”

“அவசரப்பட்டா எரியும். முதல்ல காதுக்குப் பின்னால கொஞ்சம் போட்டுப் பாருங்க. ரெண்டு மூணு நாள் பொறுத்து முகத்துக்குப் போங்க.”

“எனக்கு எதுக்கு அதெல்லாம்? இவ எதுக்கு இருக்கா? ஏய், கையை நீட்டு!”

உதவியாளப் பெண் சட்டைக் கையைச் சுருட்டினாள். உள்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன வட்டங்கள். சில பழுப்பு, சில இன்னும் சிவப்பு.

அக்கா டப்பாவைக் கீழே வைத்தாள்.

“இதெல்லாம்...?”

“எது புதுசா வந்தாலும் என் கையிலதாங்க முதல்ல பூசுவாங்க,” என்றாள் அந்தப் பெண், வானிலை சொல்வது போல.

மாதிரி டப்பாவிலிருந்து துளி எடுத்து, தழும்பில்லாத இடமாகத் தேடிப் பூசினாள் அக்கா. காத்திருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

“சரி, நல்லது.” மேடம் தன் பையிலிருந்து முத்து க்ரீமின் காலி டப்பா ஒன்றை எடுத்துக் கவுண்டரில் வைத்துக் குரலைத் தாழ்த்தினாள். “அந்த க்ரீமை உள்ள போய் இதுல மாத்திக் குடுத்துடு. யார்கிட்டயும் மூச்சு விடாதே. முன்னாடி மாத்திக் குடுத்த கடைக்காரன் உளறப் பார்த்தான்.”

அக்காவுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு, புரிந்தது!

தினமும் கன்னத்தில் தடவிக் காட்டுவது முத்து க்ரீமே இல்லை! டப்பா மட்டும்தான் அது!

ஊரையே நம்ப வைத்த அந்தச் சிரிப்பு. அதை நம்பி ஆசையாய் இரண்டு டப்பா வாங்கி வந்த தங்கச்சி. “மேடமே போடறாங்கக்கா!”

உள்ளறைக் கதவைச் சாத்தினாள் அக்கா.

அலமாரியின் மேல்தட்டில் நீலப் பாட்டில். தோலுரிக்கும் அமிலம். மருத்துவமனைகளுக்கு மட்டும் போவது. நாலு சொட்டு போதும்.

நாலு சொட்டு...

கை தானாகவே நீண்டது. மூடியைத் திருகினாள். நெடி மூக்கில் ஏறியது. கண்ணில் நீர் வந்தது நெடியாலா, வேறெதாலா?

வெளியே வந்தபோது அவள் முகத்தில் எதுவுமே இல்லை. பையை நீட்டினாள்.

“மேலேயே இருக்கு மேடம்.”

நாலாம் நாள் காலை, அக்கா கொடுத்த அதே பையோடு கடைக்குள் பெண் இன்ஸ்பெக்டர் நுழைந்தார். பின்னால் முகம் முழுக்கக் கட்டோடு மேடம், உதவியாளப் பெண்ணின் தோளைப் பிடித்தபடி.

“இவதான்! இவதான் ஆசிட் கலந்தா! பிடிச்சு உள்ள போடுங்க!”

“லேப் ரிப்போர்ட் வந்திருக்கு,” என்றார் இன்ஸ்பெக்டர். “டப்பாவுல கடுமையான அமிலம் இருக்கு. என்ன சொல்றீங்க?”

அக்கா உள்ளறைக்குப் போனாள். நீலப் பாட்டிலை எடுத்து வந்து வைத்தாள். கழுத்து வரை ததும்பி நின்றது. ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

“திறந்தேன். இல்லேன்னு சொல்ல மாட்டேன். மூடிட்டேன். அந்தப் பொண்ணு கையைப் பார்த்தப்புறம், அந்த வேலை என் கைக்கு வரல.”

“அப்போ டப்பாவுல அமிலம் எப்படி?”

“இன்ஸ்பெக்டரம்மா, நான் குடுத்த பைக்குள்ள கையை விட்டு அடியில பாருங்க.”

இன்ஸ்பெக்டர் துழாவினார். ரெட்டினால் டப்பா வந்தது. அட்டைப்பெட்டி பிரிக்காமல், சீல் உடைக்காமல்!

“என் தங்கச்சி ரெண்டு டப்பா முத்து க்ரீம் வாங்கினா. ஒண்ணு அவ முகத்துக்குப் போச்சு. அதை இவங்க ஆளுங்க வாங்கிட்டுப் போயிட்டாங்க. இன்னொண்ணு பிரிக்காமலே என் பையில கிடந்தது, யாராவது ஒருத்தர் சோதனை பண்ண மாட்டாங்களான்னு. காலி டப்பாவுக்குப் பதிலா அதை சீல் பிரிச்சு மேல வெச்சேன். அவ்வளவுதான்.”

“பொய்! அது என் க்ரீமே இல்ல!” மேடம் கத்தினாள்.

“அப்படியா?” இன்ஸ்பெக்டர் நிதானமாகத் திரும்பினார். “ஒப்பிட்டுப் பார்க்க முந்தாநேத்து உங்க குடோன்ல சீல் வெச்ச டப்பா நாலஞ்சு எடுத்தோம். எல்லாத்துலயும் இதே அமிலம். சரி, நீங்களே சொல்லுங்க. தினமும் நேரலையில நீங்க தடவற டப்பாவுல என்ன இருக்கணும்?”

மேடத்தின் விரல்கள் முகக் கட்டைத் தடவின.

‘என் க்ரீம்’ என்றால், அவளை எரித்தது அவள் க்ரீம். ‘வேற க்ரீம்’ என்றால், ஊரையே ஏமாற்றியவள் அவள்.

“நான் சொல்றேங்க!” உதவியாளப் பெண் தோளிலிருந்த கையை எடுத்து ஓரமாக விட்டாள். “வேற க்ரீம்தான். முத்து க்ரீமை மேடம் ஒருநாளும் தொட்டதில்ல. அதைத் தொட்டது இதுதான்.”

சட்டைக் கையைச் சுருட்டி மேசை மேல் வைத்தாள்.

இன்ஸ்பெக்டர் அந்தக் கையைக் கைப்பேசியில் படம் எடுத்தார். “வாங்க மேடம், போகலாம். முகத்துக்குக் கட்டுப்போட எங்ககிட்டயும் டாக்டர் இருக்கார்.” அக்காவிடம், “நீங்களும் சாயங்காலம் வந்து வாக்குமூலம் குடுக்கணும். டப்பாவை மாத்தினதுக்கு நான் கேள்வி கேட்டே ஆகணும்.”

“வரேங்க. தங்கச்சியையும் கூட்டிட்டு வரேன். வெளிய வர்றதுக்கு அவளுக்கும் ஒரு காரணம் வேணும்.”

வாசலில் மேடம் திரும்பி நின்றாள். கட்டுக்குள் இரண்டு கண்கள் மட்டும் எரிந்தன.

“என் முகத்தை நாசம் பண்ணிட்டியேடி, பாவி!”

அக்கா கவுண்டரைத் துடைத்துக்கொண்டே, எல்லா வாடிக்கையாளரிடமும் பேசும் அதே குரலில் சொன்னாள்.

“முதல்ல காதுக்குப் பின்னால கொஞ்சம் போட்டுப் பார்க்காதது... உங்க தப்பு மேடம்!”