வெளிச்சம் காட்டிக்கொடுத்த விண்கல்!

"கதவைத் திறங்க! யாராவது... ப்ளீஸ்!"

கும்மிருட்டு.

வாண்டு இரும்புக் கதவை மாறி மாறிக் குத்தினாள். பதினைந்து வயது. காலடியில் அவள் அக்காவின் புரொபசர் குப்புறக் கிடந்தார். பின்னந்தலையில் பிசுபிசுப்பு... ரத்தம்! மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது.

யாரோ பூனை மாதிரி வந்து, இருட்டிலேயே அடித்துவிட்டு, வெளியே பூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். விண்கல்லைச் சோதிக்கும் கருவிக்குப் பின்னால் நின்ற வாண்டை அந்த ஆள் கவனிக்கவில்லை.

கத்தி என்ன பயன்? வாசலில் சிவப்பு பல்பு எரிந்தால் இந்த ஆய்வுக்கூட இருட்டறையை ஒருத்தரும் திறக்க மாட்டார்கள். ஒரு கீற்று வெளிச்சம் நுழைந்தாலும் அளவீடு பாழ்! விளக்கு சுவிட்ச் வெளியே. போனும் வெளியே.

சுவரில், வெளியே அக்காவின் மேசைக்குப் போகும் இன்டர்காம் தட்டுப்பட்டது. அமுக்கினாள்.

"அக்கா! நான்தான்!"

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"வாண்டு...? நீ உள்ள என்னடி பண்றே?"

"சார்தான் கல்லு மின்னுறதைப் பாக்கக் கூப்பிட்டாரு. எலக்ட்ரான் கதிரை அடிச்சா விண்கல்லுல இருக்கற பாஸ்பேட் துணுக்கு ஒளிருமாம். அந்த ஒளியைப் பிரிச்சு கம்ப்யூட்டர்ல பார்த்தாரு. 'ஐயோ, இது நம்ம கல்லே இல்ல! பழைய ரெக்கார்டோட ஒத்தே போகல, யாரோ மாத்திட்டாங்க'ன்னாரு. அப்பதான்... டமார்! ரத்தம் கொட்டுதுக்கா, சீக்கிரம் திற!"

"அழாதே. ஸ்க்ரீன் மேல கறுப்புத் துணி இருக்கும், தூக்கு. கோடு கோடா ஒரு படம் தெரியுதா?"

"தெரியுது."

"அதை அழிச்சிடு. அடுத்த நிமிஷம் கதவு திறக்கும்."

வாண்டு தூக்கிய துணியைக் கீழே போட்டாள்.

"கல்லை மாத்தினது... சாரை அடிச்சது... நீயா?"

"நீ உள்ள இருப்பேன்னு சத்தியமா தெரியாதுடி!"

"தெரிஞ்சிருந்தா மெதுவா அடிச்சிருப்பியா?"

"வாயாடாதே! அழி!"

"சார்?"

"அவரு..." அக்கா இழுத்தாள். "நீ மட்டும் வா."

ஸ்க்ரீன் வெளிச்சத்தில் புரொபசரின் கை ஊர்ந்து வந்து வாண்டின் கணுக்காலைப் பற்றியது. வேண்டாம் என்பதுபோல் அவர் தலை மெல்ல அசைந்தது.

டெலீட் பட்டன் மேல் அவள் விரல் நின்றது.

படமும் போய், சாரும் போய்விட்டால் மிச்சமிருக்கும் ஒரே சாட்சி... வாண்டு!

சீப்பைக்கூடத் தங்கச்சிக்கு இரவல் தராத அக்கா... உயிர்ப்பிச்சை தருவாளா?