ஹுயிஷாலி என்றால் உயிர் தருவது

ஹுயிஷாலிச் சாறு கசக்கும் என்பது இப்போது பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஊரில் பாதிப் பெண் குழந்தைகளுக்கு அந்தப் பெயர்தான். மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன், இன்றைய துருக்கியான அனத்தோலியாவில் ஹிட்டைட் மக்கள் களிமண் பலகைகளில் எழுதிவைத்த மூலிகை அது. செத்த மொழிகளை வாசித்துப் பொருள் சொல்லும் 'சொல்லறிவி' என்ற கணினி வந்தபிறகு, ஆஸ்பத்திரிகளில் அது காட்டும் பழைய மருந்துதான். அதன் சம்மதமில்லாமல் நிறுத்த டாக்டருக்கும் அதிகாரம் கிடையாது.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில், சொல்லறிவியின் திரைமுன் நின்று பேராசிரியர் ஆவுடையப்பன் கத்திக்கொண்டிருந்தார். அடுத்த அறையில் அவர் மனைவி கோமதி படுத்திருந்தாள். காய்ச்சலுக்கு ஹுயிஷாலி குடிக்கத் தொடங்கியபின் அவள் கால்கள் மரத்துவிட்டன.

"அது மருந்தே இல்ல! உடைஞ்ச பலகையோட மிச்சத் துண்டு இப்பத்தான் கெடச்சிருக்கு. நோயாளி உடம்பைத் தடவி, நோயை அந்தச் செடியில ஏத்தி, ஆத்துக்கு அந்தப் பக்கம் பொதைக்கணும்னு இருக்கு. ஆடு தின்னாலும் சாகும்னு இருக்கு. திருஷ்டி கழிச்சு முச்சந்தியில ஒடைச்ச பூசணிக்காய எவனாவது எடுத்துத் திம்பானா?"

"ஹுயிஷாலி: 'உயிர்த்திரு' என்னும் வேரிலிருந்து பிறந்தது. பொருள், உயிர் தருவது. இதை ஆதரிக்கும் நூல்கள் பல்லாயிரம்" என்றது சொல்லறிவி.

"அம்புட்டும் ஒரே கட்டுரையப் பாத்து எழுதினது. அத எழுதினவன் நான்! 'இப்படி இருக்கலாம்'னுதான எழுதினேன்!"

உண்மைதான். செத்த மொழி ஆராய்ச்சியில் பாதிச் சொற்களுக்கு ஊகம்தான் பொருள். ஆனால் பெரிய மனிதர் ஊகத்தை மேற்கோள் காட்டும் மாணவன் 'இருக்கலாம்' என்பதை மரியாதைக்காக விட்டுவிடுவான். அவனைப் பார்த்து எழுதுகிறவனுக்கு அது வேதவாக்கு. ஆவுடையப்பனுக்கும் அந்தப் புகழ் இனிக்கத்தான் செய்தது.

"ஆய்வாளர் ஆவுடையப்பனின் கருத்தே ஏற்கப்படுகிறது" என்றது சொல்லறிவி. "இப்போது பேசுபவர் நோயாளியின் கணவர். அச்சம் கலந்த கூற்றுக்கு எடை குறைவு."

அவர் டாக்டர் பீர் முகமதுவின் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, ஒங்களுக்குமா புரியல?"

"புரியுது சார். ஆனா நான் நிறுத்தினா என்னைத் தூக்கிட்டு வேற ஆளப் போடுவாங்க. மருந்து நிக்காது." டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆவுடையப்பன் அடுத்த அறைக்கு ஓடினார். நர்ஸ் அப்போதுதான் கிண்ணத்தை நீட்டியிருந்தாள்.

"ஏளா கோமதி, குடிக்காத! நான் எழுதினது தப்புளா. வெசம் அது!"

கோமதி அவரை இரக்கத்தோடு பார்த்தாள். "பயந்து போயிருக்கிய. பயத்துல ஆயிரம் தோணும். அன்னிக்கு நிதானமா படிச்சு எழுதினிய. ஒலகமே அத நம்பிப் பொழைக்கி. நான் நம்பாண்டாமா?"

அவர் தடுக்கக் கை நீட்டினார். வாசலில் நின்ற காவலர்கள் இருவர் வந்து, "ஐயா, மன்னிச்சுக்கிடுங்க" என்று தோளைப் பிடித்துக்கொண்டார்கள். கோமதி முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தாள். பிறகு அவர் அழுவதைப் பார்த்துத் தாங்காமல், காவலர்களை விடச் சொல்லி, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"கையும் மரத்து வருது" என்றாள். "பயமா இருக்கு. ஹுயிஷாலிக்கு என்ன அர்த்தம்னு ஒருக்கா உங்க வாயால சொல்லுங்க."

ஆவுடையப்பன் அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"உயிர் தருவதுளா" என்றார்.