நூற்றுக்கு இரண்டு

மதியம் 1.40. சாப்பிட்டுத் திரும்பிய தங்கைதான் முதலில் பார்த்தாள். ஆயத்த ஆடை ஆலையின் சோதனை அறையில், குழந்தைச் சட்டைகளின் நடுவே அக்கா குப்புறக் கிடந்தாள். பின்மண்டை பிளந்திருந்தது. அருகில், ரத்தமும் முடியும் ஒட்டிய இஸ்திரிப் பெட்டி.

2.15. இன்ஸ்பெக்டர் அம்மா உள்ளே நுழைந்தபோது, தையல்காரர்கள் இஸ்திரிக்காரரைத் தூணோடு சேர்த்து அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பல் போயிருந்தது.

அவர்களை விலக்கி, நடந்ததைக் கேட்டறிந்துகொண்டு இஸ்திரிக்காரரிடம் திரும்பினார். “காலையில அவகூட சண்டை போட்டியா?”

“போட்டேம்மா. துணியில கறைன்னா. அதுக்காகக் கொல்லுவேனா?”

லைன் சூப்பர்வைசர் குறுக்கிட்டார். “பெட்டி இவனோடது மேடம். இன்னும் என்ன வேணும்?”

“நீங்க அவளைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?”

“ஒரு மணிக்கு. சோதனைத் தாளை எழுதிக் குடுத்தா. அப்பலேருந்து என் பையிலதான் இருக்கு.”

தாளை வாங்கினார். மணிக்கு நூறு சட்டை. குறைகள் மூன்று, நான்கு, நான்கு. கடைசி மணியில் இரண்டே இரண்டு.

“குறை கண்டா உங்கக்கா என்ன பண்ணுவா?”

தங்கை விம்மினாள். “ஒரு குறைக்கு ஒரு சிவப்பு ஸ்டிக்கர். காலையில புது அட்டை எடுத்தா. ஒரு அட்டைக்குச் சரியா அம்பது. ஒண்ணுகூட வீணாக்க மாட்டா.”

அந்த அட்டை பிணத்தின் மூடிய கைக்குள் கசங்கியிருந்தது. இன்ஸ்பெக்டர் விரலை விலக்கி எடுத்தார். எண்ணினார். மிச்சம் இருபத்திரண்டு. கழித்த சட்டைகள் கிடந்த கூடையையும் கவிழ்த்து எண்ணினார்.

“இருபத்தெட்டு ஸ்டிக்கர் செலவாயிருக்கு. கூடையில பதிமூணுதான். கடைசி மணியில குறை ரெண்டு இல்ல, பதினேழு. பதினஞ்சு ஸ்டிக்கரை யாரோ உரிச்சுட்டு அந்தச் சட்டைகளைப் பெட்டியில போட்டிருக்காங்க, தாளையும் மாத்தியிருக்காங்க. தாள் யார் பையில இருந்துச்சு?”

சூப்பர்வைசர் மேசையிலிருந்த வெட்டுக் கத்தரியை உருவிப் பாய்ந்தார். இன்ஸ்பெக்டரின் முன்கை கிழிந்து ரத்தம் பீறிட்டது. அவர் பின்வாங்கவில்லை, அந்த மணிக்கட்டைப் பிடித்து மேசை விளிம்பில் ஓங்கி அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

கடைசியாக ஒட்டிய அட்டைப்பெட்டியைப் பிரித்தார்கள். ஒரு சட்டையின் கழுத்துத் தையலுக்குள் உடைந்த ஊசிமுனை.

“மெஷின்ல ஊசி ஊசியா உடைஞ்சுது, மறைச்சிட்டேன்” என்று தரையில் கிடந்தபடி முனகினார் சூப்பர்வைசர். “லாரியில ஏத்தின பெட்டி எல்லாத்தையும் பிரிக்கணும்னு நின்னா. காலைப் பிடிச்சேன். கேக்கல.”

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“லாரியில எத்தனை பெட்டி ஏறியிருக்கு?”

“நாப்பது” என்றார் ஒரு தையல்காரர்.

“இறக்குங்க.”

இஸ்திரிக்காரரை அடித்தவர்கள்தான் முதலில் ஓடினார்கள்.