விசாரிப்புச் சத்து

மணி பன்னிரண்டு பத்து. அதற்குள் பொற்கொடி போனில் இருபத்தேழு பேரிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்டு முடித்திருந்தாள். மூன்று மணிக்குள் இன்னும் நூற்றுப் பத்துப் பேரிடம் கேட்க வேண்டும்.

அவர்கள் ஆச்சு என்பார்கள். அவள் "தொட்டுக்க என்ன?" என்பாள். தொட்டுக்கொள்ள எதுவுமே கிடையாது என்பது இருவருக்கும் தெரியும். வீட்டுக்கு வீடு இருக்கும் சத்துக்கலன் இயந்திரம் தருவது ஒரே ஒரு பண்டம்தான். ஆனாலும் ஒரு மனிதர் ஏழு வருடமாகத் தினமும் கருவாடு என்று கூசாமல் பொய் சொல்கிறார். பொற்கொடியும் ஏழு வருடமாக "நல்லாருந்துச்சா?" என்று கேட்கிறாள்.

சாப்பாட்டுக் கணக்கில் ஊட்டத்துறை எந்தத் தப்பும் செய்யவில்லை. காலையில் சத்துக்கலன் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, யாருக்கு எது குறைவு என்று பார்த்து, கம்பு மாவு, பயற்றுப் புரதம், பாசி எண்ணெய், இரும்பு, சுண்ணாம்பு எல்லாவற்றையும் மில்லிகிராம் சுத்தமாகக் கலந்து தந்தது. இட்லி வடிவம் வேண்டுமா, புட்டா, பிரியாணி மாதிரி ஒன்றா, அது அவரவர் விருப்பம். உள்ளே எல்லாம் ஒன்றுதான். அப்படியும் தனியாக இருப்பவர்கள் வற்றிப்போனார்கள். காதுக்குப் பின்னால் மணிபோல் ஒட்டியிருக்கும் உறிஞ்சுமானி, சத்தை ஏற்றுக்கொள்ளக் குடல் எவ்வளவு தயாராக இருக்கிறது என்று நூற்றுக்குக் கணக்கிட்டுச் சொல்லும். அந்த எண் அவர்கள் எல்லோருக்கும் இறங்கிக்கொண்டே போனது.

மூன்று வருடம் உப்பை மாற்றினார்கள், நுண்ணுயிரை மாற்றினார்கள். கடைசியில், கணக்கெடுப்புக்காகப் போன் வந்த நாட்களில் மட்டும் எண் ஏறுவதை யாரோ ஒரு குமாஸ்தா கவனித்தார். கணக்கெடுப்பின் முதல் கேள்வி, இன்று சாப்பிட்டீர்களா என்பது. விஞ்ஞானிகள் அதற்கு விசாரிப்புச் சத்து என்று பெயர் வைத்து, பட்டியலில் வைட்டமின்களுக்குக் கீழே சேர்த்துக்கொண்டார்கள். பதிவுசெய்த குரலைப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்பது நாளில் குடல் கண்டுபிடித்துவிட்டது. இயந்திரக் குரலை நாலே நாளில் கண்டுபிடித்தது. ஆகவே விசாரிப்பாளர்கள் நியமிக்கப்பட்டார்கள்.

மேற்பார்வையாளர் ஜெபராணி பொற்கொடியின் மேசைக்கு வந்து நின்றாள்.

"ஞானசிகாமணி, முப்பத்தொண்ணுக்கு வந்துட்டாரு. இருபத்தஞ்சுக்குக் கீழ போனா குழாய் இல்லம். இப்படியே இறங்குனா திங்கக்கிழமை வண்டி அனுப்பிடுவாங்க."

ஞானசிகாமணி, லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பதினோராவது மாடியில் தனியாக இருந்தார். குழாய் இல்லத்தில் நரம்பு வழியாகச் சத்து ஏற்றுவார்கள். அங்கே போனவர் யாரும் நடந்து திரும்பியதில்லை.

"தினமும் கேட்டுக்கிட்டுத்தான் மேடம் இருக்கேன்."

"கேக்குறீங்க. தெரிஞ்சுக்கணும்னு கேக்கல."

"நூத்தி முப்பத்தேழு பேருக்கும் தெரிஞ்சுக்கணும்னு எப்படித் தோணும், சொல்லுங்க."

ஜெபராணி அடுத்த மேசைக்கு நகர்ந்தாள். அவளும் ஒன்பது வருடம் இதே மேசையில் உட்கார்ந்தவள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பொற்கொடி அசதியில் காலைச் சாப்பாட்டை எடுக்கவே இல்லை. அவளும் தனியாள்தான், ஏன் எடுக்கவில்லை என்று கேட்க வீட்டில் யாருமில்லை.

"சார், சாப்டீங்களா?"

"எடுத்து வச்சேன். இறங்கல." ஞானசிகாமணியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நீங்க சாப்டாச்சாம்மா?"

திருப்பிக் கேட்டால் "ஆச்சுங்க" என்று சொல்லிவிட்டு வைக்க வேண்டும் என்பது விதி. ஏழு வருடமாக அப்படித்தான் சொன்னாள். அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொல்லக்கூட அவளிடம் தெம்பில்லை.

"இல்லீங்க. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம்.

"மணி ஒண்ணாகப் போகுது. என்னம்மா, உடம்பு என்னத்துக்காகும்? மொதல்ல எந்திரிங்க, போயி ஏதாவது வாயில போடுங்க. இந்தா, நானும் தட்டை எடுத்துட்டேன். நாளைக்கும் கேப்பேன்."

திரையில் முப்பத்தொன்று முப்பத்தெட்டானது. சனி, ஞாயிறும் வேலை. வேண்டுமென்றே சாப்பிடாமல் வந்து அவரிடம் திட்டு வாங்கினாள். திங்கட்கிழமை ஐம்பத்திரண்டு. வண்டி போகவில்லை. பொற்கொடி கழிவறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதாள், சந்தோஷத்தில்தான்.

துறை சும்மா இருக்குமா? நாலாயிரம் பேரை வைத்துச் சோதித்தது. விசாரிப்பாளர் "ஆச்சுங்க" என்றால் எண் மூன்று ஏறியது. "இன்னும் இல்லை" என்றால் இருபது ஏறியது. பொய்யாக "இன்னும் இல்லை" என்றால் அசையவே இல்லை. அடுத்த வாரமே சுற்றறிக்கை வந்துவிட்டது: விசாரிப்பாளர்கள் காலை எழுந்ததிலிருந்து மூன்று மணிவரை எதுவும் உண்ணலாகாது. கடைசி வரியில், இந்தக் கண்டுபிடிப்புக்குக் காரணமான பொற்கொடிக்குத் துறையின் பாராட்டு.

ஊரே தேறியது. ஞானசிகாமணிக்கு எழுபத்தொன்று. தினமும் ஒரு மணிக்கு அவளை உரிமையோடு திட்டினார். "இன்னிக்குமா? உங்களுக்குச் சொல்றதுக்கு அங்க யாருமே இல்லியா?" அவர் சாப்பிட வேண்டும் என்பதற்காகத்தான் தன்னைப் பட்டினி போட்டிருக்கிறார்கள் என்று அவரிடம் சொல்ல முடியுமா? சொன்னால் மறுநாளே தட்டை ஒதுக்கிவிடுவார். அவளுக்கு அவர்மேல் கோபம் வந்தது, பாசமும் வந்தது, இரண்டுக்கும் தெம்பில்லாமல் அடுத்த எண்ணை அழுத்தினாள்.

மூன்று மணிக்கு மேல் சாப்பிட்டால் அவளுக்கு இறங்கவில்லை. வீட்டில் இட்லி வடிவம் ஆறிப்போய் அப்படியே கிடந்தது. ஐந்தாவது மாதம் அவளுடைய உறிஞ்சுமானி இருபத்தொன்பது காட்டியது. விண்ணப்பிக்காதவர்களுக்கும், முப்பதுக்குக் கீழே போனால் துறை தானாகவே ஒரு விசாரிப்பாளரை ஒதுக்கும். அதில் பாரபட்சம் கிடையாது.

புதன்கிழமை ஒரு மணிக்கு, ஞானசிகாமணியிடம் பேசி முடித்ததும் அவளுடைய சொந்த எண்ணுக்கு அழைப்பு வந்தது. ஓர் ஆண் குரல், பேசிப் பேசிக் கம்மிப்போயிருந்தது.

"வணக்கம்ங்க. நான்காம் மையத்திலேர்ந்து பேசுறேன். சாப்டீங்களா?"

எத்தனையோ ஆயிரம் தடவை அவள் கேட்ட கேள்விதான். அதை யாராவது தன்னிடம் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தாள், நினைவு வரவில்லை.

"இன்னும் இல்லீங்க. நீங்க?"

"இன்னும் இல்லீங்க."

அது உண்மை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவன் முகம் எப்படி இருக்கும், நாக்கு எப்படி வறண்டிருக்கும் எல்லாம் தெரியும். தெரிந்திருந்தும் அவளுக்கு வாயில் நீர் ஊறியது. அது வெட்கமாக இருந்தது.

"எப்ப முடியும் உங்களுக்கு?"

"மூணு மணிக்குங்க. உங்களுக்கு?"

"எனக்கும் மூணுதான்."

"சரிங்க. ஏதாவது சாப்பிடுங்க, உடம்பைப் பாத்துக்குங்க."

"நீங்களும்."

இருவரும் அடுத்த எண்ணை அழுத்தினார்கள். காதுக்குப் பின்னாலிருந்த மணி மெல்ல அதிர்ந்து, இருபத்தொன்பதிலிருந்து ஐம்பதுக்கு ஏறிவிட்டதாகச் சொன்னது. உறிஞ்சத்தான் அவள் வயிற்றில் ஒன்றும் இல்லை.