இணையாத முனை

அழித்த சந்து மறுபடியும் முளைத்திருந்தது.

தூரியாவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஃபெஸ் நகரத்தின் பழைய பகுதியில் சந்துபொந்தெல்லாம் கால் தேய நடந்து, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய அந்தத் திறந்த வரைபடத்தில் ஒவ்வொன்றாக வரைந்தவள் அவள். கண்ணால் பார்க்காததை வரையக் கூடாது என்பது அங்கே எல்லோரும் ஒப்புக்கொண்ட சட்டம். செம்புப் பாத்திரக்காரர் தெருவின் கோடியில் இருப்பது வெறும் சுவர். அதற்குள் சந்து ஒன்றை எந்தப் பாவி திரும்பத் திரும்ப வரைகிறான்? பெயர்கூட இல்லாத கணக்கு.

"ஒழிஞ்சு போ!" என்று அழித்துச் சேமித்தாள்.

உடனே கைபேசி அலறியது. கணவன் ஜவாத். மருந்துக்கடைக்காக வீடு வீடாய் மருந்து கொண்டுபோய்க் கொடுப்பவன்.

"என்ன லல்லா, மகாராணி, உன் குறுக்குவழி நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப திரும்பிப் பாத்தா வந்த வழியைக் காணோம்."

"எந்தக் குறுக்குவழி?"

"செம்புக்காரங்க தெருக் கோடியில. விளையாடாதடி, ஒரே இருட்டா இருக்கு."

அவள் நின்ற மொட்டைமாடியில் மாலை வெயில் இன்னும் கிடந்தது.

ஓடினாள். தோல் பதனிடும் தொட்டிகளின் நாற்றமும், புதினாக் கட்டுகளின் ஈர வாசனையும், கழுதைக்காரர்களின் "பாலக்! பாலக்!" என்று வழிவிடச் சொல்லும் கூச்சலும் அவளைக் கடந்துபோக, செம்புக்காரர்களின் சுத்தியல்கள் மட்டும் தெருக்கோடியை நெருங்க நெருங்க ஒவ்வொன்றாய் அடங்கின. ஆள் இருக்கும் இடத்தைக் காட்டும் ஒரு பெரிய நிறுவனத்தின் வரைபடத்தை அவன் கைபேசியிலிருந்து பிடுங்கி எறிந்து, தன் திறந்த வரைபடத்தைப் போட்டுக் கொடுத்ததும் அவள்தான். 'உன்னை எவனும் வேவு பார்க்க வேண்டாம்' என்று சொல்லி. இப்போது அவன் எங்கே என்று எவனுக்கும் தெரியாது. தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

சுவர். காதை வைத்தாள். உள்ளே யாரோ தட்டினார்கள்.

"சுவர் கிட்ட வருது தூரியா." ஒலிபெருக்கியில் அவன் மூச்சு. "ரெண்டு பக்கமும்."

சந்தைத் திரும்ப வரைந்தாள். சேமித்தாள். கல் முனகியது. விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். அவ்வளவுதான்.

திரையைப் பெரிதாக்கினாள். சந்தின் முனை தெருவைத் தொடவில்லை. தொட்டதுபோல் தெரிந்தது, இணையவில்லை. சே! புதிதாக வருகிறவர்களை அவள் வாய் ஓயாமல் திட்டும் அதே தப்பு.

இணைத்தாள். சேமித்தாள்.

'சேமிக்க முடியவில்லை. இந்தப் பாதையை வேறொருவர் திருத்தியிருக்கிறார்' என்றது திரை.

"எவன்டா நீ!"

மறுபடி. அதே பதில். மறுபடி. ஒவ்வொரு முறையும் திரையில் சந்து கொஞ்சம் குட்டையாகியிருந்தது.

விரிசலிலிருந்து நான்கு விரல்கள் வெளியே வந்தன. புழுதி. சூடு. ஜவாதின் விரல்கள். இறுகப் பற்றிக்கொண்டாள்.

"விட்றாத," என்றது கைபேசி.

சுவர் மூடிக்கொண்டது.

விரல்கள் அவள் கையை விடவில்லை.