இரண்டாம் தரம் சாத்தின படலை

படலையைச் சாத்திக் கொளுக்கியைப் போட்டவன் ஞானரட்ணம்தான். அதில் ஒரு சந்தேகமும் இல்லை. ஈர இரும்பின் குளிர் இன்னும் அவன் விரல்களில் இருந்தது. ஒரு பத்தடி நடந்திருப்பான், பின்னால் அதே படலை திறந்து, மெள்ளக் கிறீச்சிட்டு, திரும்பவும் சாத்துப்பட்டது. கொளுக்கி 'டிங்' என்று விழுந்தது.

திரும்பிப் பார்த்தான். ஒருத்தரும் இல்லை. பாசி பிடித்த கல்மதில், மதிலுக்கு அங்கால் மேய்கிற இரண்டு செம்மறி, அவ்வளவுதான். காற்றாய் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கொளுக்கியைத் தூக்கித் திறந்து, பிறகு ஒழுங்காய்ப் போட்டும் விடுகிற காற்று எந்த ஊரில் அடிக்குது என்று கேட்டுப் பார்க்க அவனுக்கு மனம் வரவில்லை.

இந்த நடைக்கெல்லாம் மூலகாரணம் தில்லையம்பலம் மாஸ்டரின் சீனி வருத்தம். டொக்டர் "நடவுங்கோ" என்று சொன்னதுதான் தாமதம், மனுசன் தான் நடந்தது போதாதென்று தாங்கள் குடியிருந்த கோலியர்ஸ் வுட்டில் அகப்பட்ட தமிழ்ச் சனத்தையெல்லாம் நடத்தத் தொடங்கிவிட்டார். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை அவர் வலையில் விழுந்தது ஞானரட்ணமும் அவன் மனைவி தவநாயகியும். விடிய நாலு மணிக்கே வானைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி ஹோர்ன் அடித்தார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் யன்னலைத் திறந்து ஏசினதுதான் மிச்சம்.

டார்ட்மூர் என்கிற பொட்டல் மேட்டுவெளியின் ஓரத்தில் ஒரு குட்டிக் கிராமம். ஒரு தேவாலயம், ஒரு பப், ஒரு தபாற்கந்தோர். அந்தத் தபாற்கந்தோரில் எடுத்த கைத்தாளை மாஸ்டர் எல்லாருக்கும் உரத்து வாசித்தார். "இலகுவான நடை. மூன்று மைல். ஐந்து படலை. வயோதிபருக்கும் ஏற்றது. கேட்டுதோ கனகம்?" கனகம் என்றது அவர் மனைவி கனகாம்பிகையை. பிறகு வகுப்பில் நிற்கிற மாதிரி விரலை நீட்டினார். "படலை திறந்து கிடந்தால் ஆடு போயிடும், கண்டியளோ. ஆர் கடைசியா வருகினமோ அவைதான் சாத்த வேணும்." ஞானரட்ணம் ஆறுதலாய், பின்தங்கி நடக்கிறவன். அதனால் அந்த உத்தியோகம் அவன் தலையில் விழுந்தது.

இரண்டாவது படலையில் அவன் வேண்டுமென்றே கவனமாய் இருந்தான். சாத்தி, கொளுக்கியை இரண்டு தரம் அமத்திப் பார்த்துவிட்டு நடந்தான். முன்னால் மாஸ்டர் கண்ட புல் பூண்டுக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டு போக, சீலைக்குக் கீழே மகனின் ஓட்டச் சப்பாத்தைப் போட்டிருந்த கனகாம்பிகை "இன்னும் எவ்வளவு தூரமப்பா?" என்று சிணுங்கிக்கொண்டு போக, தவநாயகி பிளாஸ்க்கை அணைத்துப் பிடித்தபடி போனாள். வாடிய ஹெதர்ப் பற்றைகள் கறள் பிடித்த இரும்பு நிறத்தில் வானம் தொடுமட்டும் விரிந்து கிடந்தன. அவற்றுக்கு மேலால் வந்த காற்றில் ஈர மண்ணும் ஆட்டுப் புழுக்கையும் மணக்க, அந்த மணத்துக்குள் இன்னொரு மணம் மெல்ல மெல்ல நுழைந்தது. டீசல். தெருவே இல்லாத வெளியில் டீசல் மணம். பின்னால் படலை கிறீச்சிட்டது. கொளுக்கி விழுந்தது. பிறகு சேற்றில் ஒரு கால் ஊன்றுகிற சத்தமும், மற்றக் கால் இழுபடுகிற சத்தமும்.

ஐயோ, அந்த மணத்தை அவனுக்குத் தெரியாதா?

ஏழு வருசத்துக்கு முன், அகதியாய்க் களவாக வந்த வழியில், எந்த நாட்டு எல்லை என்று இன்றைக்கும் அவனுக்குச் சரியாய்த் தெரியாத ஒரு காட்டோரத்தில், விடியப்புற இருட்டில் ஆறு பேர் ஒரு லொறியை நோக்கி ஓடினார்கள். அவனும் அவனுடைய ஊர்ச் சிநேகிதன் வாசுதேவனும்தான் கடைசி. வாசுதேவனின் கால் சேற்றுக்குள் பிரண்டுபோயிற்று. நாய்கள் குலைத்தன. ஞானரட்ணம் பாய்ந்து ஏறிவிட்டான். வாசுதேவன் காலை இழுத்து இழுத்து வந்து லொறிக் கதவின் விளிம்பைப் பிடித்தும் விட்டான். "மச்சான், கையைத் தாடா" என்றான். ஞானரட்ணம் கையைக் கொடுக்கவில்லை. விளிம்பில் இருந்த விரல்களைக் கழற்றிவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினான். லொறி வெளிக்கிடும்வரை தகரத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது.

பயம்தான். உயிர்ப்பயம் வந்தால் எவன்தான் மனிசனாய் இருப்பான்? ஆனால் அதற்குப் பிறகு செய்த வேலைக்குப் பயத்தைச் சாட்ட ஏலாது. "வாசு எங்களோடை வரேல்லை, வேறை ஏஜென்சியோடை போட்டான்" என்று ஊருக்குக் கடிதம் போட்டான். இரண்டு வருசத்தால், வாசுதேவனின் தங்கை தவநாயகியைச் சீதனம் வேண்டாமல் கட்டினான். தங்கமான மாப்பிள்ளை என்று ஊர் புகழ்ந்தது. பாவத்துக்கு இது பரிகாரம் என்று அவனும் நம்பினான். அவளோ மாதம் தவறாமல் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். செத்தவன் என்று தெரிந்தால்தானே அந்தியேட்டியும் திவசமும்? ஏழு வருசமாய் வாசுதேவனுக்கு எள்ளும் தண்ணியும் இறைக்க ஆளில்லை.

பாதி வழியில் ஒரு பெரிய பாறை இருந்தது. எல்லாரும் இருந்து வாழைப்பழம் தின்றார்கள். மாஸ்டர் அங்கால் ஓடுகிற ஆற்றைப் படம் பிடிக்க மனைவியையும் இழுத்துக்கொண்டு போனார். தவநாயகி பிளாஸ்க்கைத் திறந்து அவனுக்குத் தேத்தண்ணி வார்த்துக் கொடுத்தாள்.

"இஞ்சருங்கோ, போன கிழமை தோர்ண்டன் ஹீத் கடையிலை பாலசுப்பிரமணியன் எண்டு ஒருத்தரைக் கண்டனான். உங்களோடை ஒரே லொறியிலை வந்தவராம்."

அவன் கோப்பையைப் பாறையில் வைத்தான்.

"அண்ணை லொறிக் கதவுவரைக்கும் வந்தவர் எண்டு அவர் சொல்லுறார். ஆரோ கதவைச் சாத்திப்போட்டினமாம். ஆர் எண்டு இருட்டிலை தெரியேல்லையாம்." அவள் குரல் உயரவே இல்லை. "நான் கோவிக்க மாட்டன். அந்த நேரத்துப் பயம் எனக்கு விளங்கும். அண்ணை செத்திட்டார் எண்டால் செத்திட்டார் எண்டு சொல்லுங்கோ. அந்தியேட்டியைச் செய்துபோட்டு அழுது முடிப்பம். ஒருக்கால் உண்மையைச் சொல்லுங்கோவன்."

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அந்த நிமிசத்தில் அவன் வாயைத் திறந்து அழுதிருந்தால் அவள் அவன் தலையைத் தன் மடியில் வைத்திருப்பாள்.

"அவனுக்கு விசர்," என்றான் ஞானரட்ணம். "ஆளை மாறிச் சொல்லுறான். வாசு எங்களோடை வரவே இல்லை. கோயிலிலை வைச்சுக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவன், நீர் வேணுமெண்டால் பாரும்."

தவநாயகி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் கண் அவன் தோளுக்கு மேலால் போய், பின்பக்கம் எங்கேயோ நின்றது. நெடுநேரம் நின்றது. ஆரையோ இனங்கண்ட மாதிரி அவள் தலை மெள்ள அசைந்தது.

"சரி," என்றாள். பிளாஸ்க்கின் மூடியைப் பூட்டிக்கொண்டு எழும்பினாள்.

மூன்றாவது படலையை அவன் சாத்தவே இல்லை. ஆடு போனால் போகட்டும், நாசமாய்ப் போகட்டும் என்று திறந்தபடியே விட்டுவிட்டு விறுவிறென்று நடந்தான். இருபது அடிகூடப் போகவில்லை, பின்னால் அது சாத்துப்பட்டது. மேட்டிலிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் மாஸ்டரின் தொப்பி மறைந்தது. பிறகு கனகாம்பிகையின் சீலை. கடைசியாய்த் தவநாயகியின் முதுகு. மத்தியானம் இரண்டு மணிதான் இருக்கும், ஆனால் நீட்டின கை தெரியவில்லை.

நாலாவது படலை முழுக்க இரும்பு. ஓடிக் கடந்தான்.

பின்னால் அந்த இரும்பில் தட்டுகிற சத்தம். டக். டக். டக். முதலில் விரலால். பிறகு உள்ளங்கையால். பிறகு இரண்டு கையாலும்.

அவன் காதைப் பொத்தினான். "மாஸ்டர்!" என்று கத்தினான். "தவம்! தவம், நில்லும்!"

தட்டுவது நின்றது.

காலை இழுக்கிற சத்தம் கிட்ட வந்தது. ஊன்றி. இழுத்து. ஊன்றி. ஈரக் கம்பளி மணம். டீசல் மணம். அவன் அசையாமல் நின்றான். மூச்சைக்கூட விடவில்லை. குளிர் ஒன்று அவன் இடது தோளை உரசியது. நிற்கவில்லை. கடந்தது. முன்னுக்குப் போனது.

அவனை விட்டுவிட்டுப் போகிறது. ஒரு கணம் அவனுக்கு ஆறுதலாய்க்கூட இருந்தது.

பிறகு பனிக்குள் தவநாயகியின் குரல் கேட்டது. கனிந்த குரல். ஐந்து வருசக் குடித்தனத்தில் அவனோடு ஒருநாளும் பேசாத குரல்.

"மெல்ல வாங்கோ. கால் நோகுதே? என்ரை தோளைப் பிடியுங்கோ."

"தவம், அது நான் இல்லை! தவம்!"

ஓடினான். பாதை தவறியது. சதுப்பு. வலது கால் முழங்கால்வரை போனது. இழுத்தான். குதியில் ஏதோ மளுக்கென்றது. நோவில் கண் இருண்டது. தவழ்ந்தான். எழும்பினான். காலை இழுத்து இழுத்து வந்தான்.

ஐந்தாவது படலை. கொளுக்கி விழுந்திருந்தது. தூக்கினான். அசையவில்லை. ஏறப் பார்த்தான், கால் தாங்கவில்லை. தோளால் இடித்தான். அசையவில்லை. அங்கால் இருபது அடியில் வான் நின்றது. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கத்தினான். குரல் நன்றாய்த்தான் வந்தது.

மாஸ்டர் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "பிள்ளை, ஞானம் ஏறியாச்சோ?"

தவநாயகி வான் கதவடியில் நின்றாள். திரும்பி நேரே படலையைப் பார்த்தாள். சேறு பூசின அவன் முகத்தை, அகலத் திறந்த வாயை, கம்பிக்குள்ளால் நீட்டின கையை எல்லாம் அவசரமில்லாமல் பார்த்தாள். பனியில் காணவில்லை என்று அவள் எந்தக் காலத்திலும் சொல்ல ஏலாது.

"ஓம் மாஸ்டர், அவர் ஏறிட்டார். எடுங்கோ."

வானுக்குள் மஞ்சள் வெளிச்சம். அவனுடைய இருக்கையில் ஒருத்தன் குனிந்து இருந்தான். தலைமயிரிலிருந்து கறுத்த தண்ணி வடிந்துகொண்டே இருந்தது, நிற்கவே இல்லை. தவநாயகி பக்கத்தில் இருந்து சால்வையால் அந்தத் தலையைத் துவட்டினாள். மடியில் சோற்றுப் பொதியை அவிழ்த்தாள். ஒரு பிடி குழைத்து ஊட்டினாள். தாடை இல்லாத இடத்தால் சோறு மடியில் கொட்டுப்பட்டது. அவள் அதைப் பொறுக்கி எடுத்து, வாத்சல்யமாய்ச் சிரித்து, திரும்பவும் ஊட்டினாள்.