ஒட்டுத்துணிக் கூடையும் ஒரு ஹார்ட்டின் எட்டும்

"அத்தை! மெஷின் பக்கம் போகாதீங்க!"

"போகலையே. சும்மா தூசி தட்டுறேன்."

"தூசி தட்ட எதுக்கு ஊசியில நூல் கோக்கறீங்க?"

அத்தை நூலை மெல்லக் கீழே வைத்தார். வைத்த கையோடு கத்திரிக்கோலைத் துடைக்க ஆரம்பித்தார். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

எங்கள் வீட்டு முன்னறைதான் அத்தையின் தையல் கடை. போன வாரம் கத்திரிக்கோல் வழுக்கி, அவருடைய வலது உள்ளங்கையில் ஆழமாகக் கிழித்துவிட்டது. டாக்டர் தையல் போட்டார்.

"இடைவெளி விட்டுத் தைச்சிருக்காரு. நானா இருந்தா பிரிச்சுட்டு மறுபடி தைப்பேன்" என்று அத்தை குறை சொன்னார்.

சொன்னதோடு விட்டாரா? மறுநாளே மெஷினில் உட்கார்ந்தார். தையல் பிரிந்தது. இரண்டாம் முறை தைத்தபோது டாக்டர் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை பிரிஞ்சா விரல் சரியா மடங்காமப் போயிடும்" என்றார். விரல் மடங்காத தையல்காரர் என்ன செய்வார்? நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. அத்தைக்கு மட்டும் பயமே இல்லை.

"உனக்கு லீவுதானே? அத்தையை மெஷின்ல உட்கார விடாதே. உன் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு அம்மா வேலைக்குப் போய்விட்டார். அத்தையைக் கட்டிப்போடவா முடியும்? யோசித்துப் பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தேன்.

"ரம்மி ஆடலாம் அத்தை. ரெண்டு பேர் இருந்தாப் போதும்."

"எனக்குத் தெரியாதே."

"நான் சொல்லித்தரேன். ஆளுக்குப் பத்துச் சீட்டு. ஒரே சின்னத்துல அஞ்சு, ஆறு, ஏழுன்னு அடுத்தடுத்து வந்தா அது வரிசை. மூணு ராஜா, மூணு எட்டுன்னு ஒரே மாதிரி வந்தா அது செட். உங்க முறை வரும்போது ஒரு சீட்டை எடுக்கணும், ஒண்ணைக் கீழே போடணும். பத்தையும் முதல்ல சேர்த்து முடிச்சவங்க ஜெயிச்சாங்க."

"இவ்வளவுதானா? பொத்தான் தைக்கிறதை விடச் சுலபம்" என்றார் அத்தை.

சுலபமாம்! முதலில் சீட்டைப் பிடிக்கவே அவரால் முடியவில்லை. கட்டுப் போட்ட கையிலிருந்து ராஜாவும் ராணியும் வரிசையாகக் குதித்தார்கள்.

"இது சரிப்படாது நண்டு." நண்டு என்பது அத்தை எனக்கு வைத்த செல்லப்பெயர். "நான் போய் அந்தக் கால்சட்டையை..."

"உட்காருங்க!"

தடிமனான திரைத்துணி ஒன்றை மேசைமேல் விரித்து, நெருக்கமாக மடிப்பு வைத்தேன். ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு சீட்டைச் செருகினேன். மடிப்பு கலையாமலிருக்க இரண்டு பக்கமும் ஊக்கு குத்தப் போனேன்.

"ஊக்கா? என் கடையிலயா?" அத்தை பதறிவிட்டார். "தைக்கச் சோம்பல்படறவங்கதான் ஊக்கு குத்துவாங்க. எடு அதை!"

துணி காயப்போடும் கிளிப்புகளை மாட்டினேன். நாடகம் பார்க்க வந்தவர்களைப் போல, அத்தையின் சீட்டுகள் பத்தும் அவரைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்திருந்தன. நான் எதிரே உட்கார்ந்துகொண்டேன்.

"வரிசை ஒண்ணு சேர்ந்தாச்சு" என்று காட்டினார். ஹார்ட்டின் ஐந்து, டைமண்ட் ஆறு, ஹார்ட்டின் ஏழு.

"அத்தை, நடுவுல இருக்கறது வேற சின்னம்."

"எல்லாம் சிவப்புதானே?"

"சிவப்பா இருந்தாப் போதாது!"

"தூரத்துல இருந்து பார்த்தா யாருக்குத் தெரியப்போகுது?"

நான் பெருமூச்சு விட்டேன். அத்தை ராணிச் சீட்டைக் கண்ணருகே கொண்டுபோனார். "இவ சட்டையில ஒரு கை குட்டை, ஒரு கை நெட்டை. எவன் தைச்சான்?"

அதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டேன். பெரிய தொல்லை இனிமேல்தான் வந்தது. அத்தை சீட்டை எடுப்பார், கீழே போடவே மாட்டார். சிறிது நேரத்தில் மடிப்புகள் நிரம்பி வழிந்தன.

"அத்தை! ஒண்ணு எடுத்தா ஒண்ணைப் போடணும்னு சொன்னேனே!"

"எதைப் போடறது? எல்லாமே நல்ல சீட்டா இருக்கு. பின்னால உதவும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கையகலத் துணியைக்கூட வீசி எறியாதவர் என் அத்தை. "பின்னால உதவும்" என்று சொல்லிச் சொல்லியே மூலையில் ஒட்டுத்துணிக் கூடை மலைபோல நிற்கிறது. யார் வந்து துண்டுத்துணி கேட்டாலும் அதிலிருந்து எடுத்துக் கொடுப்பார்.

நான் எழுந்துபோய், சின்னக் கூடை ஒன்றைக் காலி செய்து மேசை நடுவில் வைத்தேன்.

"நீங்க சீட்டைத் தூக்கிப் போட வேண்டாம். இந்தக் கூடையில வையுங்க. மேல இருக்கற சீட்டு எனக்கு வேணும்னா நான் எடுத்துக்குவேன். நான் வைக்கறது உங்களுக்கு வேணும்னா நீங்க எடுத்துக்கலாம்."

அத்தையின் முகம் மலர்ந்தது. "இதை முதல்லயே சொல்லக் கூடாதா? சரி, உனக்கு என்ன வேணும்? ஒன்பதா? என்கிட்ட ரெண்டு இருக்கு, இந்தா!"

"ஐயோ, எனக்கு உதவி செய்யக் கூடாது! நீங்க என்னைத் தோற்கடிக்கணும்!"

"சின்னப் பிள்ளையையா? சேச்சே."

கண்ணை மூடிக்கொண்டு பத்துவரை எண்ணினேன். பிறகு சீட்டுகளைக் கலைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். அடுத்த ஆட்டத்தில் தோற்றார். அதற்கடுத்ததிலும் தோற்றார். மூன்றாவதில் அவர் பேச்சே குறைந்துபோயிற்று.

"ஹார்ட்டின்ல ஏழும் ஒன்பதும் இருக்கு. நடுவுல கிழிஞ்சு கிடக்கு" என்று முணுமுணுத்தார், எனக்குக் கேட்காது என்ற நினைப்பில்.

அவர் தேடிய எட்டு என்னிடம்தான் இருந்தது, மூன்று எட்டுகள் சேர்ந்த செட்டில். எனக்கும் ஒரே ஒரு சீட்டு வந்தால் ஆட்டம் முடிந்துவிடும். என் முறை வந்தது. சீட்டுக்கட்டிலிருந்து ஒன்றை எடுத்தேன். உதவாத சீட்டு.

அப்போது கதவு தட்டப்பட்டது. பஸ் கண்டக்டர் ஒருவர் எட்டிப் பார்த்தார். கையில் ஒரு கோட்டு.

"அக்கா, பாக்கெட்ல ஓட்டை. விசில் கீழ விழுந்துட்டே இருக்கு. நான் குனிஞ்சு எடுக்கறதுக்குள்ள டிரைவர் கத்தறாரு. ரெண்டே ரெண்டு தையல் போதும்க்கா!"

"ரெண்டு நிமிஷ வேலை. கொடுங்க" என்று அத்தை எழுந்தார்.

"அத்தை, கை!"

"இடது கையாலயே தைச்சிடுவேன் நண்டு."

அவர் மெஷினை நோக்கி நடந்தார். அங்கே போனதும் வலது கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். கத்திப் பயனில்லை. காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். என் அழகான மூன்று எட்டுகளைப் பார்த்தேன். மனசே இல்லாமல் ஒன்றை உருவிக் கூடையில் வைத்தேன்.

"அத்தை, உங்க முறை."

அத்தை திரும்பினார். கூடையின் மேலே ஹார்ட்டின் எட்டு. கோட்டு அவர் கையிலேயே தொங்கியது.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று கோட்டைக் கண்டக்டரிடமே நீட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். எட்டை எடுத்து ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவே செருகினார். உபரியாக இருந்த ஒற்றைச் சீட்டைக் கொஞ்சமும் யோசிக்காமல் கூடையில் போட்டார். மூன்று ராஜா, கிளாவரில் நான்கு சீட்டு வரிசை, ஹார்ட்டினில் மூன்று. பத்தும் சரி.

"ஜெயிச்சுட்டேன்!" என்று கத்தினார்.

"அக்கா, என் பாக்கெட்டு..."

"கை சரியில்லங்க. ஆறட்டும், அப்புறம் தைச்சுத் தரேன். அதுவரைக்கும் ஊக்கு குத்திக்கிட்டுப் போங்க" என்றார் அத்தை, சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஊக்கா? நீங்களா சொல்றீங்க?" கண்டக்டர் வாயைப் பிளந்தார். நானே ஊக்கை எடுத்து ஓட்டையை மூடிக் குத்திக் கொடுத்தேன்.

"நண்டு, கலைச்சுப் போடு! நீ ஒரு எட்டைக் கீழே வெச்சா உன்கிட்ட இன்னும் எத்தனை எட்டு இருக்கும்னு கணக்குப் போட இப்பத்தான் எனக்குப் புரியுது" என்றார் அத்தை.

சாயங்காலம் அம்மா செருப்பைக் கழற்றும்போதே கேட்டார். "அத்தை மெஷின்ல உட்கார்ந்தாங்களா?"

"இல்லம்மா. ஆனா என்னை எழுந்திரிக்கவே விடல!"

"பேச்சைக் குறை" என்றார் அத்தை. "உன் முறை."